கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பழைய ஸ்டுடியோ போட்டோக்கள் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பியவற்றில் சில

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான் என்று அப்பா சொல்வார். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போட்டோவில் கோட்டு போட்டுக்கொண்டு, தடிமனான புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் அரண்மனைத் தூண், தோட்டம் எல்லாம் இருக்கின்றன. பசங்க "தாத்தா சீன் போடுறாரு" என்று சிரிக்கிறார்கள். எனக்கு மனசுக்கு என்னவோ போல இருக்கிறது. (ராயபுரம் வாசகர்)

பதில்: சங்கடப்பட ஒன்றுமே இல்லை. அந்தப் படத்தில் ஸ்டுடியோவுக்குச் சொந்தமானது எது, தாத்தா வீட்டிலிருந்து கொண்டுபோனது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள், பாதி விஷயம் விளங்கிவிடும். தூண், தோட்டம் வரைந்த திரை, மேஜை, புத்தகம், பெரும்பாலும் அந்தக் கோட்டும்கூட ஸ்டுடியோக்காரருடையவை. தாத்தாவுக்கு முன்னால் வந்தவரும் அதே புத்தகத்தைத்தான் பிடித்திருப்பார், பின்னால் வந்தவரும் அதையேதான்.

அந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பசங்க சிரிக்க மாட்டார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை ஹியாசிந்த் ரிகோ என்ற ஓவியர் 1701ல் வரைந்த படம் பாரிஸில் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. மன்னருக்குப் பின்னால் பருத்த தூண், மேலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கும் சிவப்புத் திரை. ஐரோப்பாவில் பெரிய மனிதர்களை வரைந்தவர்கள் இதையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள்: தூண் என்றால் அசைக்க முடியாத பலம், திரை என்றால் தர்பார். 1854ல் பாரிஸ் ஸ்டுடியோக்காரர் டிஸ்டேரி ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படம் எடுக்கும் முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார். விசிட்டிங் கார்டு மாதிரி, கிட்டத்தட்ட இரண்டரைக்கு நாலு அங்குல அட்டையில் ஒட்டித் தருகிற படம் அது. விலை இறங்கியது, ஊரெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளக் கிளம்பியது. 1860ல் லண்டனில் மேயால் என்பவர் விக்டோரியா ராணி குடும்பத்தை இதே அளவு அட்டையில் போட்டு விற்றார். ராணிக்கும் சாதாரண ஜனங்களுக்கும் ஒரே சைஸ் அட்டை என்றால் தூணும் திரையும் மட்டும் ராஜாக்களோடு நின்றுவிடுமா? மரத்திலும் அட்டையிலும் தூண் செய்து ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கார்பெட் மேலே எந்த ஊரில் தூண் நிற்கிறது என்று அந்தக் காலத்து இங்கிலாந்துப் போட்டோ பத்திரிகையிலேயே குறை சொல்லியிருக்கிறார்கள்.

மெட்ராசுக்கு போட்டோ சீக்கிரமே வந்துவிட்டது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய அதே 1856ல்தான் லினேயஸ் டிரைப் மெட்ராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். அடுத்த வருஷம் இங்கே போட்டோகிராபிக் சொசைட்டியும் வந்தாயிற்று. டிரைப் எடுத்ததில் பெரும்பகுதி கோயில்களும் கோட்டைகளும்தான். ஆட்களை எடுக்கிற வேலை ஸ்டுடியோக்களுடையது. மவுண்ட் ரோட்டில் வீலே அண்டு கிளைன் மாதிரி வெள்ளைக்காரர் நடத்திய பெரிய ஸ்டுடியோக்களில் இருந்த தூணும் திரையும்தான் பின்னால் நம்மூர்ச் சின்ன ஸ்டுடியோக்களுக்கும் இறங்கி வந்தன. பிரெஞ்சு ராஜாவுக்குப் பின்னால் நின்ற தூண் ராயபுரத்து மேஸ்திரிக்குப் பின்னாலும் வந்து நின்றது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. பரம்பரைச் சொத்தாக இருந்த மரியாதையை உங்கள் தாத்தா காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

சரி, புத்தகம். அது படிப்புக்கு அடையாளம், உண்மைதான். ஆனால் கைக்கு ஒரு வேலையும் கூட. ஆரம்ப காலத்தில் பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. சும்மா தொங்கவிட்ட கை தானாக ஆடும், படத்தில் கலங்கிப்போகும். அதனால் ஒரு கையை மேஜை மேல் வைக்கச் சொல்லி, இன்னொரு கையில் எதையாவது கொடுத்துவிடுவார்கள். புத்தகம், குடை, கைத்தடி, கைக்குட்டை, பூச்செண்டு எல்லாமே அப்படி வந்தவைதான். தேவை போன பிறகும் பழக்கம் போகவில்லை.

இப்போது தாத்தாவின் விரல்களைப் பாருங்கள். மூடிய புத்தகத்துக்கு நடுவே ஆள்காட்டி விரல் நுழைந்திருந்தால், படித்துக்கொண்டிருந்தவர் யாரோ கூப்பிட நிமிர்ந்தது போன்ற போஸ் அது. ஐரோப்பிய ஓவியங்களில் படித்தவர்களை இப்படித்தான் உட்கார வைப்பார்கள். ஸ்டுடியோக்காரர் கிட்டே வந்து விரலைப் பிடித்து வைத்துவிட்டுப் போயிருப்பார். அப்படி இல்லாமல் புத்தகத்தை அடியில் கை கொடுத்து, ஏதோ கொடுத்த பொருளைப் பத்திரமாகத் தாங்குவது போலப் பிடித்திருந்தால், அது தாத்தாவின் சொந்தக் கை. கோட்டையும் அதே மாதிரி பாருங்கள். தோள் தையல் தோள்முனையைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கியிருக்கிறதா, கோட்டுக் கையின் நுனி விரல் முட்டி வரை மூடுகிறதா? அப்படியானால் ஸ்டுடியோ ஆணியில் தொங்கிய கோட்டு. காதில் கடுக்கன், நெற்றியில் இட்டது, தலைப்பாகை கட்டிய விதம், மோதிரம், வெறுங்கால், இவையெல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. அதைவிட முக்கியம், காலை எப்படி ஊன்றி நிற்கிறார் என்பது. பத்துப் பேரை வேலை வாங்கிப் பழகியவர் நிற்கிற நிலையை எந்த ஸ்டுடியோவும் வாடகைக்குக் கொடுக்க முடியாது. பசங்களிடம் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் அம்மா கல்யாணத்தன்று எடுத்த படம். புடவை கன்னங்கரேல் என்று இருக்கிறது, நெற்றிப் பொட்டும் கருப்பு. கல்யாணத்துக்கு யாராவது கருப்பு கட்டுவார்களா? இல்லை, இது கல்யாணப் படமே இல்லையா? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகி)

பதில்: கல்யாணப் படமாகவே இருக்கலாம். புடவை அரக்குச் சிவப்பாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்துப் போட்டோத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. 1851ல் வந்த ஈரத் தகடும் (மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டிய கண்ணாடித் தகடு) சரி, பிறகு வந்த சாதாரண உலர் தகடும் (முன்கூட்டியே மருந்து பூசிக் காயவைத்தது) சரி, முக்கியமாக நீல ஒளியை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். 1873ல் ஜெர்மனியில் ஃபோகல் என்பவர் சாயம் சேர்த்தால் பச்சை, மஞ்சளையும் தகடு பிடிக்கும் என்று கண்டுபிடித்தார், ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகட்டுக்கும் சிவப்பு இருட்டுதான். டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். எல்லா நிறத்தையும் வாங்கும் தகடு 1906ல் கடைக்கு வந்தாலும், சிவப்பு தெரியாத தகடுகளும் அதற்குப் பிறகு நெடுநாள் ஓடின.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ராத்திரியில் மற்ற லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு நீல நிற ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியட்டும், அதன் கீழே குங்குமச் சிமிழைத் திறந்து பாருங்கள். மை மாதிரி இருக்கும். பாட்டியின் அம்மா நெற்றியில் இருப்பது அந்தக் குங்குமம்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம், குடும்பக் கதைகளே இதனால் தப்பாகப் போயிருக்கின்றன. வெளிர் நீலப் புடவை இந்தத் தகடுகளில் கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். "வெள்ளைப் புடவை கட்டியிருக்கிறார், அப்போதே தாலி அறுத்தவர்" என்று புடவையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கழுத்தைப் பாருங்கள், வளையலைப் பாருங்கள், பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்குப் பூசிய மஞ்சளும் கருமையாகத்தான் விழும். மாநிறம்கூட உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்கியதற்கு நிற ஆசை ஒரு காரணம் என்றால் தகடு செய்த இந்த வேலை இன்னொரு காரணம். ஆகவே பழைய படத்தை வைத்துக்கொண்டு "பாட்டி கறுப்பா சிவப்பா" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை, தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய ஆல்பம் ஒன்றில் நிற்கிற ஒருவரின் குதிகாலுக்குப் பின்னால் இரும்புக் கால் மாதிரி ஏதோ எட்டிப்பார்க்கிறது. செத்தவரை நிற்க வைத்துக் கம்பியில் கட்டி எடுத்த படம் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். எனக்கு அந்த ஆல்பத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: பயப்படாமல் திறங்கள், அவர் உயிரோடுதான் இருக்கிறார். அது தலை தாங்கி. கனமான இரும்பு அடித்தட்டு, ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கம்பி, அதன் உச்சியில் பிடரியை லேசாகத் தொடும் கவை, அவ்வளவுதான். தலை ஆடாமல் இருக்க அது உதவும், ஆளைத் தூக்கி நிறுத்த அதனால் முடியாது. ஐம்பது அறுபது கிலோ உடம்பை அதில் சாய்த்தால் சாமானோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். இணையத்தில் இந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது, உங்கள் மாமா மட்டும் சொல்வதில்லை. உண்மையில் அந்த ஸ்டாண்டு தெரிந்தாலே படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தவர், ஆடக்கூடியவர் என்றுதான் அர்த்தம்.

நம் ஊரில் இறந்தவரைப் படம் எடுக்கிற வழக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்று எடுத்துக்கொள்வார்கள். தாடையைச் சுற்றி வாய்க்கட்டு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி, இவற்றில் ஏதாவது கண்ணில் படும். பல வீடுகளில் அந்தப் பெரியவருக்கு இருக்கிற ஒரே படம் அதுதான், ஸ்டுடியோவுக்குப் போக அவருக்கு வாழ்நாளில் வாய்க்கவே இல்லை. கோரம் என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முகம் மறந்துவிடக் கூடாது என்று பதறிப்போய் எடுத்த படம் அது.

கேள்வி: பழைய படங்களில் ஏன் யாருமே சிரிப்பதில்லை? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: நேரம் அதிகம் ஆகும், அதுவரை சிரிப்பைப் பிடித்து வைக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1839ல் டாகர் என்ற பிரெஞ்சுக்காரரின் போட்டோ முறை வந்த புதிதில் அது சரி, பல நிமிஷம் ஆயிற்று. ஈரத் தகட்டில் அது சில விநாடிகளாக இறங்கி, 1880களில் உலர் தகடு பரவியபோது ஒரு விநாடிக்கும் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் நம்மவர்கள் சிரிக்கவில்லையே, ஏன்? ஸ்டுடியோவுக்கு வாழ்க்கையில் ஒரு தரமோ இரண்டு தரமோதான் போவார்கள். அந்தப் படம் கூடத்துச் சுவரில் மாட்டப்படும், தாங்கள் போன பிறகு அதற்குத்தான் மாலை போடுவார்கள் என்று தெரிந்தே கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த முகத்தில் பல்லைக் காட்ட யாருக்கும் தோன்றாது. கையடக்கக் கேமரா வந்து, 1900ல் ஒரு டாலருக்குக் கோடக் பிரவுனி விற்க ஆரம்பித்து, படம் எடுப்பது சாதாரணமாக ஆக ஆகத்தான் சிரிப்பும் வந்தது.

கேள்வி: மில் தொழிலாளியாக இருந்த தாத்தா காலை அகட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பாட்டி பக்கத்தில் நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அடிமைத்தனம்தானே இது? (பெரம்பூர் வாசகி)

பதில்: எரிச்சலில் நியாயம் இருக்கிறது. நாற்காலி மரியாதைக்குரிய இடம், ஜோடிப் படத்தில் அதை ஆண் எடுத்துக்கொண்டார் என்பதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதே குடும்பத்தின் குரூப் போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடு நாற்காலியில் வயதான பாட்டி இருப்பார், மீசை வைத்த மகன்கள் எல்லாம் பின்னால் நிற்பார்கள். அங்கே வயதுக்குத்தான் நாற்காலி.

படம் எடுப்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு. உயரமானவரும் குள்ளமானவரும் அருகருகே நின்றால் இரண்டு தலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். ஒருவரை உட்கார வைத்தால் முகங்கள் நெருங்கி வரும், இரண்டும் ஃபோகஸில் நிற்கும். அப்புறம், நிற்கிறவருக்குத்தான் புடவை முழுசாகத் தெரியும், கொசுவம் முதல் கொலுசு வரை.

இதையெல்லாம்விட நான் பார்ப்பது பாட்டியின் கையை. நாற்காலி முதுகின் மேல் இருக்கிறதா, தாத்தா தோள் மேலா, இல்லை தன் உடம்போடு ஒட்டித் தொங்குகிறதா? வீட்டில் நாலு பேர் முன்னால் புருஷனைத் தொடாத காலம் அது. நாற்காலி முதுகு அதற்காகவே கண்டுபிடித்த இடம் போல, தொடாமல் தொடுகிற இடம். உங்கள் பாட்டி விரல் நுனி அங்கிருந்து நழுவித் தோளில் பட்டிருந்தால், ஸ்டுடியோக்காரர் சொல்லி வைத்ததாகவும் இருக்கலாம், பாட்டியே வைத்ததாகவும் இருக்கலாம். விரல்கள் விறைத்திருக்கின்றனவா, இயல்பாக வளைந்திருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அத்தையின் மஞ்சள் நீராட்டுப் படத்தில் அத்தை ஒரு பக்கமாகத் திரும்பி இருக்கிறார், பின்னால் பெரிய கண்ணாடி. முகம் பாதி, ஜடை முழுசு. எதற்கு இப்படி? (காசிமேடு வாசகி)

பதில்: அந்தப் படத்தின் நாயகியே ஜடைதான். ராக்கொடி, ஜடைபில்லை, கீழே குஞ்சலம், நடுவில் நெருக்கமாகத் தைத்த பூ. வீட்டுப் பெண்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து தைத்தது பொழுது சாய்ந்தால் வாடிவிடும். அதனால் பூ வாடுவதற்குள் ஸ்டுடியோவுக்கு ஓடுவார்கள். முகமும் வேண்டும், முதுகும் வேண்டும், படமோ ஒன்றுதான். அதற்குத்தான் ஆளுயரக் கண்ணாடி.

இதை எடுப்பது லேசு என்று நினைக்காதீர்கள். கண்ணாடிக்குள் கேமராவும் கறுப்புத் துணிக்குள் குனிந்திருக்கும் ஆளும் தெரியாதபடி சாய்த்து வைக்க வேண்டும். முகம் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் பிம்பத்தை ஃபோகஸ் செய்ய, கேமராவிலிருந்து கண்ணாடி வரைக்கும் உள்ள தூரத்தோடு கண்ணாடியிலிருந்து ஜடை வரைக்கும் உள்ள தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் தெளிவாக விழ லென்சின் துவாரத்தைச் சிறிதாக்கியாக வேண்டும், அப்படிச் செய்தால் வெளிச்சம் குறையும், எடுக்கிற நேரம் கூடும். அவ்வளவு நேரமும் அந்தச் சின்னப்பெண், தலையில் அத்தனை கனத்தோடு, இமைக்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் படத்தில் பூ ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால், எடுத்தவர் கெட்டிக்காரர், அத்தை அவரைவிடக் கெட்டிக்காரர். இந்த மாதிரி கண்ணாடிப் படம் நம் பெண்களுக்காக நம் ஸ்டுடியோக்கள் அழகாக வளர்த்தெடுத்த போஸ், தூணையும் திரையையும் விட எனக்குப் பிடித்தது இதுதான்.

கேள்வி: படத்தில் முந்தானை வலது தோளில் இருக்கிறது. படம் திரும்பி விழுந்திருக்கிறதா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: இருக்கலாம், கண்ணாடி நெகட்டிவை மாற்றிப் போட்டுப் பிரிண்ட் எடுத்தால் இடம் வலமாகிவிடும். படத்தில் ஆண்கள் இருந்தால் சட்டைப்பை இடப்பக்கம் இருக்கிறதா, பூணூல் இடது தோளிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். சுவர்க் கடிகாரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஐயர் வீட்டு மடிசாரிலும், சௌகார்பேட்டை குஜராத்திக் குடும்பங்களின் கட்டிலும் முந்தானை வலது தோளில்தான் வரும். முதலில் யார் வீட்டுப் படம் என்று விசாரியுங்கள்.

கேள்வி: ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரமெல்லாம் நீலமாக மினுங்குகிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமா? (எண்ணூர் வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், ஊறவைத்தால் எல்லாமே போய்விடலாம். அந்த நீல மினுமினுப்பு, படத்தில் இருக்கும் வெள்ளி ஈரக்காற்றில் மேலே வந்து படிந்தது, ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்து, பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு நல்ல படம் எடுத்துவிடுங்கள், அல்லது ஃபிரேமைக் கழற்றிக் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மற்ற படங்களுக்கு: லேமினேஷன் கூடாது, செல்லோ டேப் கூடாது, கடற்காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்டக் கூடாது, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு அட்டைச் சட்டம் கட்டாயம். பின்பக்கம் பெயர் எழுத பால்பாயின்ட் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதினால் போதும்.

பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்கள் நிறையப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலக உதவியோடு தமிழகம் முழுக்கத் தேடி ஸ்கேன் செய்தவை இணையத்தில் இருக்கின்றன. பழைய பேப்பர்க்காரருக்கு ஆல்பத்தைப் போடும் முன் அதை ஒரு தரம் பாருங்கள்.